‘வந்துட்டேன்’ என்று எழுத வேண்டியது யார்

போன வாரம் பால் சொசைட்டி அறையில் நாம் நால்வரும் உட்கார்ந்திருந்தபோது உங்களில் ஒருவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டீர்கள். “அக்கா, எல்லாத்தயும் கையால எழுதச் சொல்றீங்களே, ஆளோட போன் பக்கத்துல வந்தாலே பலகைக்குத் தெரிஞ்சுடும். பேரு தானா ஏறுற மாதிரி ஒரு சின்ன புரோகிராம் எழுதிட்டா போதுமே?” நான் தண்ணீர் குடிக்க எழுந்து வெளியே போய்விட்டேன். திரும்பி வந்தபோது நீங்கள் பேட்டரியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தீர்கள்.

அந்தப் புரோகிராமை நான் ஏற்கெனவே எழுதியிருக்கிறேன். அது ஏழு மாதம் ஓடியது. அதைப் பற்றி வாயால் சொல்ல எனக்கு இன்னும் வரவில்லை என்பதால் எழுதித் தருகிறேன். நாளை முதல் ஊர்ச் செய்திப் பலகை உங்களுடையது. எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் பலகை ஓடும் அந்தப் பழைய போனைப் பற்றி. அதன் கண்ணாடி உடைந்ததற்கு நான் காரணமில்லை. என் மகள் மலர் பத்தாம் வகுப்பு ஆன்லைன் பாடம் படித்தது அதில்தான். நம் ஊரில் சிக்னல் கிடைக்கும் ஒரே இடம் மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால் உள்ள பாறை என்பது உங்களுக்கே தெரியும். தினமும் காலையில் குடையும் நோட்டுமாக ஏறுவாள். கணக்குப் பாடம் நடக்கும்போது ஒருநாள் குரங்கு பிடுங்கிப் போட்டதில் விழுந்த விரிசல் அது. அவள் கல்லூரிக்குப் போனதும் புதுப் போன் வாங்கினோம். பழையது அலமாரியில் கிடந்தது.

நான் இருபத்தாறு வருடம் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, கணவரின் ஊர் என்று இந்த மலைக்கு வந்தவள். அவர் பெங்களூரில் கட்டட வேலையில் இருக்கிறார். மலர் விடுதிக்குப் போனபின் எனக்குப் பொழுது போகவில்லை. இணையம் பரவுவதற்கு முன்பு, வீட்டு டெலிபோன் லைனில் கம்ப்யூட்டரை மாட்டி, ஒருவர் மாற்றி ஒருவர் உள்ளே வந்து செய்தி எழுதிவிட்டுப் போகும் பலகைகள் இருந்தன. பயிற்சிக் காலத்தில் ஒன்றைப் பார்த்திருக்கிறேன். கறுப்புத் திரை, பச்சை எழுத்து, படம் கிடையாது. ஒருவர் உள்ளே இருந்தால் அடுத்தவர் காத்திருக்க வேண்டும். அந்த மாதிரி ஒன்றை நடத்த ஒரு பழைய போன் போதும் என்று தோன்றியது. பஸ் நிற்கும் கூட்ரோட்டில் பால் சொசைட்டிச் சுவரில் மாட்டினோம். மேலே ஒரு சோலார் தகடு. போனின் வைஃபை எட்டும் தூரத்துக்கு வந்தால் யாரும் உள்ளே நுழையலாம்; கூட்ரோட்டைச் சுற்றியிருக்கும் வீடுகளுக்கு வீட்டிலிருந்தபடியே எட்டும். என் வீடு அங்கிருந்து இருபத்தைந்து நிமிட நடை. ஆனால் பள்ளத்துக்கு இந்தப் பக்கமிருந்து சொசைட்டி நேரே தெரியும் என்பதால் ஒரு சின்ன ஆன்டெனா வைத்து வீட்டு லேப்டாப்பிலிருந்தே பலகையைப் பார்த்துக்கொண்டேன். மற்றதெல்லாம் உங்களுக்குத் தெரியும்.

தெரியாதது இந்திராணி அக்கா கதை. உங்களில் இரண்டு பேர் அப்போது வெளியூரில் படித்துக்கொண்டிருந்தீர்கள்.

ஆரம்பத்தில் ஒருவருக்குப் பத்து நிமிடம் என்று வைத்திருந்தேன். பத்தாவது நிமிடம் பலகையே வெளியே அனுப்பிவிடும். அதுவரை எழுதியது பொதுப் பகுதியில் ஏறிவிடும். இந்திராணி அக்காவின் புருஷனுக்கு வயிற்று வலி. திருவண்ணாமலை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். அக்கா ஆட்டுக்குத் தழை போட ஒருநாள் சாயங்காலம் மட்டும் வந்தது. ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போகிற போக்கில் ஊருக்கு ஒரு சேதி எழுதலாம் என்று உட்கார்ந்தது. அக்கா ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தேடி அடிக்கும். பத்து நிமிடம் ஆனது. பலகை வெட்டியது. ஊர் படித்தது இவ்வளவுதான்: “டாக்டரு கைவிரிச்சுட்டாரு. அவரு இனிமே உங்ககூட”

மறுநாள் காலை முதல் பஸ்ஸுக்கு மாலையோடு இருபது பேர் நின்றார்கள். மேளத்துக்கும் சொல்லியாயிற்று. பஸ் வந்தது. இந்திராணி அக்கா இறங்கியது. பின்னாலேயே கையில் மருந்துப் பையோடு அவர் இறங்கினார். கூட்டத்தைப் பார்த்தவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, “யாருப்பா பூட்டாங்க?” என்று கேட்டாராம்.

 கடைசியில் அவருடைய சேக்காளி ஒருவர்தான், “நீதான்டா” என்றார்.

அக்கா எழுத நினைத்தது, “அவரு இனிமே உங்ககூட குடிக்க வர மாட்டாரு, யாரும் கூப்பிடாதீங்க.” டாக்டர் கைவிரித்தது இனிமேல் குடித்தால் காப்பாற்ற முடியாது என்பதற்கு. அந்த மனிதர் மாலையைத் தானே வாங்கிப் போட்டுக்கொண்டு வீடு வரை நடந்தார். ஊர் ஒரு மாதம் சிரித்தது. நானும் சிரித்தேன், ஆனால் அக்கா என் வீட்டு வாசலில் வந்து நின்றபோது சிரிக்க முடியவில்லை. “நான் இன்னும் முடிக்கலியேம்மா,” என்றது. “முடிக்காதத நீ எப்டி ஒட்டலாம்?”

அன்றே பத்து நிமிடக் கெடுவை எடுத்துவிட்டேன். எழுதினவர் கடைசியில் தானே ‘முடிந்தது’ என்று அழுத்தாமல் எதுவும் ஏறாது என்று மாற்றினேன். ஆள் முடிக்காததைப் பலகை முடிக்கக் கூடாது. அதை ஒரு அட்டையில் எழுதிப் போனுக்கு மேலே ஒட்டினேன். இன்னும் அங்கேதான் இருக்கிறது. அந்த அட்டையை ஒட்டின அதே கையால்தான் பிறகு அந்தத் தப்பைச் செய்தேன்.

‘வந்தவர்கள்’ பகுதியை நான் திட்டமிட்டு ஆரம்பிக்கவில்லை. யாரோ ஒருவர் கடுக்காய் பொறுக்கிவிட்டுக் காட்டிலிருந்து திரும்பும்போது, கூட்ரோட்டில் நின்று “வந்துட்டேன்” என்று ஒரு வார்த்தை போட்டார். வீட்டில் இருப்பவர்கள் பார்த்துச் சோறு வைக்கட்டும் என்று. அடுத்த நாள் இன்னொருவர் போட்டார். மழைக்காலம் வருவதற்குள் அது ஊர் வழக்கமாகிவிட்டது. மலைக்குக் கீழே போனவர், காட்டுக்குள் போனவர், பக்கத்து ஊர்ச் சாவுக்குப் போனவர் எல்லாரும் திரும்பியதும் ஒரு வரி போடுவார்கள். அதில் ஆளுக்கொரு வால் இருக்கும். “வந்துட்டேன். செருப்பு அறுந்துடுச்சு.” “வந்துட்டேன். பலாப்பழம் ஒண்ணு கீது, வேணுங்கறவங்க வாங்க.” மலர் செங்கத்தில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். சனிக்கிழமை மதிய பஸ்ஸில் வருவாள். அவளுடைய வரி எப்போதும் ஒன்றுதான். “வந்துட்டேன். பசி.”

நான் பயந்த சுபாவம் உள்ளவள். மறைக்க ஒன்றுமில்லை. சனிக்கிழமைகளில் மலரின் பெயர் பலகையில் ஏறும்வரை நான் அடுப்பு பற்றவைப்பதில்லை. வேண்டுதல் எதுவும் இல்லை, கை ஓடாது, அவ்வளவுதான். அவள் பெயர் வந்ததும் உலை வைப்பேன். அவள் கூட்ரோட்டிலிருந்து நடந்து வந்து சேர்வதற்கும் சோறு வடிப்பதற்கும் சரியாக இருக்கும். ஊரில் இதை வைத்துக் கேலி உண்டு.

கேலியில் முதல் ஆள் கோவிந்தண்ணன். மேலே சாமை போட்டிருக்கிறாரே, அவர்தான். எனக்குப் ‘பலகையம்மா’ என்று பேர் வைத்தவர். ஒருநாள் சொசைட்டி முன்னால் எல்லார் எதிரிலும் சத்தம் போட்டார்.

“இன்னா பலகையம்மா, மலை ஏறி எறங்கி வூட்டுக்கு வந்தவன வாசல்ல நிக்க வச்சு பரீட்சை எழுதச் சொல்றியே. எனுக்கு இன்னா, பேனா புடிச்ச கையா இது?”

“ஒரு வார்த்தைதான்ணா.”

“அந்த ஒரு வார்த்தைக்கு ஆறு எழுத்து தேடணும். ஜோபில போன் கீதுல்ல? ஆளு வந்தா அதுவே சொல்லாதா? இன்னா படிப்பு படிச்ச நீ?”

எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சனிக்கிழமை மலர் கூட்ரோட்டில் தோழியோடு பேசிக்கொண்டே பெயர் போட மறந்து நடந்துவிட்டாள். வீட்டில் நான் ஐம்பது நிமிடம் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் வாசலில் வந்து நின்று, “இன்னாம்மா, அடுப்பே பத்தவைக்கல?” என்று கேட்ட பிறகுதான் எழுந்து உலை வைத்தேன்.

மறுநாள் உட்கார்ந்து எழுதிவிட்டேன். போன் எட்டும் தூரத்துக்கு வந்ததும் பெயர் தானே ஏறும், பக்கத்தில் நேரமும் ஏறும். கோவிந்தண்ணனுக்காகச் செய்தேன் என்று எல்லாரிடமும் சொன்னேன். உண்மையில் எனக்காகத்தான். ஊர் சந்தோஷப்பட்டது. வால்கள் எல்லாம் போய்விட்டன. செருப்பும் பலாப்பழமும் பசியும் இல்லாமல் பெயருக்கு நேரே வெறும் ‘வந்துட்டேன்’ மட்டும் வரிசையாக ஏறியது. அது எனக்குச் சுத்தமாகத் தெரிந்தது. எதையோ இழந்திருக்கிறோம் என்று தோன்றவே இல்லை.

இனி அந்த நாள்.

போன ஐப்பசி, தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை. காலையிலிருந்து மழை. நாலு மணி பத்து நிமிடத்துக்கு மலரின் பெயர் பலகையில் ஏறியது. நான் நெஞ்சில் கை வைத்துக்கொண்டேன். அடுப்பைப் பற்றவைத்தேன். அவளுக்குப் பிடிக்குமே என்று முறுக்கு மாவு பிசைந்து வைத்திருந்தேன். எண்ணெய் காய்ந்தது. பிழிந்து போட ஆரம்பித்தேன்.

ஐந்து மணிக்கும் அவள் வரவில்லை. கூட்ரோட்டில்தான் தோழி வீடு இருக்கிறது, மழை விடட்டும் என்று உட்கார்ந்திருப்பாள் என்று நினைத்தேன். என்னைத் தெரிந்தவர்கள் யாரும் இதை நம்ப மாட்டார்கள். அந்த இரண்டு மணி நேரம் நான் பயப்படவே இல்லை. பலகை சொல்லிவிட்டது, அவள் வந்துவிட்டாள். நான் ரேடியோ கேட்டுக்கொண்டு மூன்றாவது ஈடு முறுக்கு சுட்டேன்.

ஆறு மணிக்குச் சற்று முன்னால் லேப்டாப்பில் மணி அடித்தது. சொசைட்டி செயலாளர் சரோஜா உள்ளே வந்து என்னை நேரடியாகக் கூப்பிட்டிருந்தாள்.

“அக்கா, நான் பூட்டப் போறேன். பாப்பா பை இங்கியே கீது. எப்போ வந்து எடுத்துக்கும்?”

நான் மாவுக் கையோடு தட்டினேன். “பாப்பா எங்கே?”

“தெரியலக்கா. பைதான் வந்துச்சு. பக்கத்து ஊரு மூர்த்தி பைக்ல கொண்டாந்து வச்சுட்டு அவன் ஊருக்குப் பூட்டான். ரோட்டுல மரம் வுழுந்து பஸ் கீழயே நின்னுடுச்சாம். எல்லாரும் நடந்து வர்றாங்கன்னான்.”

அவள் பை. பைக்குள் அவள் போன்.

அந்த நேரத்தில் உடம்பு செய்யச் சொல்வது ஒன்றே ஒன்றுதான், ஓடு என்று. நான் வாசல் வரை ஓடினேன். செருப்புகூடப் போட்டேன். அப்போது எனக்கு நினைவு வந்தது கடவுள் இல்லை, தொலைபேசி நிலையத்தில் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒருத்தி. என்னைவிட இரண்டு வயது இளையவள், வாய் அதிகம். லைன் பழுது என்று புகார் வந்தால் சரிசெய்தபின் மீட்டரில் முள் சரியாக நிற்கிறதா என்று பார்த்துச் சீட்டை மூடிவிடுவோம். அவள் மட்டும் மூட மாட்டாள். அந்த வீட்டுக்கு மணி அடித்து, யாராவது எடுத்து ‘அலோ’ சொல்லும்வரை காத்திருப்பாள். “முள்ளுதான் சரியா நிக்குதே,” என்று ஒருநாள் எரிச்சலாகச் சொன்னேன். “ஏய், முள்ளு பேசுமாடி?” என்றாள்.

முள் பேசாது. என் பலகையில் அன்று பதினொரு பெயர் இருந்தது. பதினொரு ‘வந்துட்டேன்’. அதில் எது ஆள், எது பை என்று என்னால் சொல்ல முடியாது. நான் எழுதிய புரோகிராம், எனக்கே தெரியவில்லை. மலர் மட்டும்தான் வரவில்லையா, இன்னும் யாரெல்லாம் மழையில் நிற்கிறார்கள் என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. எல்லா வீட்டிலும் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

திரும்பி வந்து உட்கார்ந்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த கடினமான வேலை அந்த நாற்காலியில் திரும்ப உட்கார்ந்ததுதான். பதினொரு பெயரையும் நேரத்தையும் மலரின் பழைய நோட்டில் எழுதிக்கொண்டேன். பிறகு ‘வந்தவர்கள்’ பகுதியை முழுதும் அழித்தேன். தானாக ஏறுவதை நிறுத்தினேன். சரோஜாவுக்கு அடித்தேன். “மைக் போடு. இன்னைக்கு வெளியே போய் வந்தவங்க எல்லாரும் இப்பவே பலகையில தன் கையால பேர் போடணும். ஒருத்தருக்காக இன்னொருத்தர் போடக் கூடாது.”

பால் பணம் கொடுக்கும் நாளில் கூப்பிடும் மைக்கில் அவள் குரல் பள்ளத்தைத் தாண்டி என் வீடு வரை கேட்டது. “பலகையில இருக்கற பேரு எல்லாம் பொய்யிங்க! வந்தவங்க வந்து எழுதுங்க!” அவள் என்னைக் குற்றம் சொல்லவில்லை. அவசரத்தில் வாயில் வந்ததைச் சொன்னாள். ஆனால் அந்த வார்த்தை இன்னும் எனக்குக் கேட்கிறது.

ஒருவர் மாற்றி ஒருவராக வந்தார்கள். பலகையை நடத்துபவருக்கு, உள்ளே வந்தவர் அடிக்கிற ஒவ்வொரு எழுத்தும் அப்படியே தெரியும் என்று உங்களுக்குக் காட்டியிருக்கிறேன். ஏழு மாதமாக நான் அதைப் பார்க்கவில்லை. பச்சை எழுத்து ஒவ்வொன்றாக நகர்ந்தது, நின்றது, அழிந்தது, மறுபடி நகர்ந்தது. “வந்துட்டேன். நான் நல்லாதான் கீறேன்.” “வந்துட்டேன். இன்னாச்சு பலகையம்மா?” நோட்டில் ஒவ்வொரு பெயராக அடித்தேன். இந்திராணி அக்காவின் வீட்டுக்காரர் ஒற்றை விரலால் தேடித் தேடி அடித்ததை, என் நகத்தைக் கடித்துக்கொண்டு பார்த்தேன். இருபது நிமிடத்தில் ஒன்பது பேர் வந்துவிட்டார்கள்.

இரண்டு பெயர் மிஞ்சியது. மலர், கோவிந்தன்.

நோட்டைப் பார்த்தேன். மலருக்கு நாலு பத்து. கோவிந்தண்ணனுக்கும் நாலு பத்து. சரோஜாவை அவள் பையைத் திறந்து பார்க்கச் சொன்னேன். “ரெண்டு போன் கீதுக்கா. ஒண்ணு அண்ணனுது. பிளாஸ்டிக் கவர்ல சுத்தி வச்சிருக்கு.”

அப்படியென்றால் இரண்டு பேரும் ஒன்றாக நடந்திருக்கிறார்கள். அண்ணன் சட்டைப் பையில் நனையாமல் இருக்கட்டும் என்று போனை மலரிடம் கொடுத்திருக்கிறார். கோவிந்தண்ணனோடு நடப்பவர்கள் ரோட்டில் நடக்க மாட்டார்கள். அவருக்கு ரோடு என்றால் ஏளனம், ஓடையைத் தாண்டும் குறுக்குப் பாதைதான். அந்தப் பாதை ஏறி முடிவது கூட்ரோட்டில் இல்லை, என் வீட்டுக்குக் கீழே.

நான் முதலில் நினைத்தபடி ஓடியிருந்தால் கூட்ரோட்டுக்கு ஓடியிருப்பேன். ஊரும் என் பின்னால் ரோட்டில் இறங்கியிருக்கும். என் மகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓடியிருப்பேன்.

பக்கத்து வீட்டுத் தம்பியும் அவன் மனைவியும் கயிறும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு என்னோடு வந்தார்கள். வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. ஓடைச் சத்தம் தூரத்திலேயே கேட்டது. நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். ஓடைச் சத்தத்தில் அது எட்டவில்லை. தம்பி கூப்பிட்டான்.

“இங்க!” என்று பதில் வந்தது. முதலில் வந்தது கோவிந்தண்ணன் குரல். “மெதுவா வாங்கடா, கல்லு வழுக்குது. எனுக்கு ஆனது போதும்.”

ஓடைக்கு மேலே ஒரு பாறை இடுக்கில் இருந்தார்கள். தாண்டும்போது அவர் கால் கல்லிடுக்கில் சிக்கிக் கணுக்கால் ஒடிந்திருந்தது. தண்ணீர் ஏற ஏற மலர் அவரைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே இழுத்திருக்கிறாள். தன் துப்பட்டாவைக் கிழித்துக் கட்டியிருந்தாள். அவர் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்ததால் விட்டுவிட்டு வர மனமில்லை. இரண்டு மணி நேரம்.

நான் அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். அவள் முகத்தை என் இரண்டு கையிலும் ஏந்தினேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். ஒரு நொடி என்னவோ யோசித்தாள். பிறகு, “இன்னாம்மா இவ்ளோ நேரம்?” என்றாள்.

கோவிந்தண்ணன் பல் கிட்டிக்கொண்டு சிரித்தார். “இந்தப் பொண்ணு விடவே இல்ல பலகையம்மா. அழுவாத மாமா, என் பேரு பலகையில ஏறலன்னா எங்கம்மா அடுப்பக்கூடப் பத்தவைக்காது, இன்னேரம் ஆளக் கூட்டிகினு ஓடியாந்துகினு இருக்கும், ஒரு அரை மணி நேரம்னு சொல்லிகினே இருந்துச்சு. நாலு அரை மணி நேரம் ஆச்சு.”

அவர்கள் என்னை நம்பி உட்கார்ந்திருந்தார்கள். போன் பையில் போய்விட்டது என்பது மலருக்குத் தோன்றவே இல்லை. பெயர் இல்லாவிட்டால் அம்மா வந்துவிடுவாள் என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரியும். தன்னைக் காணோம் என்றால் நான் வருவேன் என்பது அவளுக்குச் சின்ன வயதிலிருந்து தெரிந்தது. அதைத்தான் நான் எடுத்துவிட்டிருந்தேன்.

அன்று என்னால் சொல்ல முடியவில்லை. வீட்டிலிருந்து கட்டில் கொண்டுவந்து அண்ணனை அதில் வைத்துத் தூக்கிக்கொண்டு ஏறினோம். மறுநாள் ரோடு திறந்ததும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மத்தியானம் வீட்டில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். மலர் முறுக்கு டப்பாவைத் திறந்தாள். பார்த்தாள். எடுக்கவில்லை.

“மலரு, ஒண்ணு சொல்லணும்,” என்றேன்.

“தெரியும்மா.”

“இன்னா தெரியும்?”

“நேத்து நீ என் மூஞ்சியப் புடிச்சப்போ உன் கையில எண்ணெ வாசன அடிச்சுது.” டப்பாவை மூடினாள். “நீ பயந்துகினு இருந்திருந்தா அடுப்பே பத்தவச்சிருக்க மாட்டியே. அப்பவே தெரிஞ்சுடுச்சு, நான் வராதது உனக்குத் தெரியலன்னு.”

நான் அழுதேன். அவள் டப்பாவை மறுபடி திறந்து ஒரு முறுக்கை எடுத்துக் கடித்தாள். “உப்பு கம்மி,” என்றாள்.

அதனால்தான் உங்கள் கேள்விக்கு அன்று பதில் வரவில்லை. நீங்கள் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். எதைத் தானாக நடக்க வைக்கலாம் என்று தினமும் உங்களுக்கு ஒரு யோசனை வரும். பஸ் நேரம் தானாக ஏறட்டும். புளி விலை தானாக ஏறட்டும். போன் சூடானால் அது தானாக அணைந்துகொள்ளட்டும். ஒரு மனுஷன் தான் பத்திரமாக இருக்கிறேன் என்று சொல்வதை மட்டும் அவனுக்காக நீங்கள் சொல்லிவிடாதீர்கள். அலுத்துக்கொள்வார்கள், கேலி செய்வார்கள், என்ன படிப்பு படித்தாய் என்று கேட்பார்கள். கேட்கட்டும். பெயர் இல்லாத இடம் காலியாக இருக்க வேண்டும். அந்தக் காலி இடத்தைப் பார்த்துத்தான் யாரோ ஒருவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புவார்.

கோவிந்தண்ணன் கட்டுப் பிரித்து ரொம்ப நாளாகிறது. பரீட்சை எழுத மாட்டேன் என்றவர், பத்து நிமிடம் நின்று எழுதுகிறார். நேற்றைய வரி: “வந்துட்டேன். ரோட்டு மேலதான் வந்தேன். பலகையம்மா முறுக்கு தர்றேன்னு சொல்லி மாசம் ஏழாச்சு.” பின்னால் மூன்று பேர் காத்திருந்தார்கள். அவர் அவசரப்படவில்லை.

பலகையின் சாவியை நாளை சரோஜாவிடம் கொடுத்துவிடுகிறேன். ஒரே ஒரு சலுகை கேட்கிறேன். சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் என் லேப்டாப்பை வெட்டிவிடாதீர்கள். எதையும் தொட மாட்டேன், யாருடைய தனிக் கடிதமும் பார்க்க மாட்டேன். ‘வந்தவர்கள்’ பகுதியை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நான் பார்த்துக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரியும். அதனால் மெதுவாக அடிக்கிறாள், ஒவ்வொரு எழுத்தாக. ‘வந்துட்டேன்’ முடிந்ததும் கொஞ்சம் நிறுத்துவாள். முன்பு போல ‘பசி’ என்று எழுதுவதில்லை.

“வந்துட்டேன். அடுப்ப பத்தவைம்மா.”

அதற்குப் பிறகுதான் தீப்பெட்டியை எடுக்கிறேன்.